ரெமிங்டன் விட்டுப்போன ஊர்

208 வருடம் துப்பாக்கி செய்த இலியனில் பட்டறை ஓய்ந்துவிட்டது. அதற்கு வெகுமுன்பே ஓய ஆரம்பித்தது வேறொன்று.

இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு ரெமிங்டன் என்றால் டைப்ரைட்டர். தெருக்கோடி இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கும், கோர்ட் வாசல் மரத்தடியில் மனு அடித்துக் கொடுத்தவர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கம். இந்தி தட்டச்சுத் தேர்வுகளில் ஒரு விசைப்பலகை அமைப்பு இன்றும் ரெமிங்டன் என்றுதான் அழைக்கப்படுகிறது. ஆனால் பெயர் பிறந்த ஊரில் டைப்ரைட்டர் வெறும் பக்க வியாபாரம். இலியன்காரர்களுக்கு ரெமிங்டன் என்றால் துப்பாக்கி.

நியூயார்க் மாநிலத்தின் நடுவில், மன்ஹாட்டனின் வானுயர்ந்த கட்டடங்களிலிருந்து 350 கி.மீ. தள்ளி, மோஹாக் ஆற்றங்கரையில் இருக்கிறது இலியன். மக்கள் தொகை 8 ஆயிரத்துக்கும் குறைவு. தெற்கே மலை இடுக்கிலிருந்து ஸ்டீல் க்ரீக் என்ற ஓடை இறங்கி வந்து ஆற்றில் சேர்கிறது. பக்கத்து ஊர்கள் யூட்டிகா, ரோம். கொஞ்சம் தள்ளிப் போனால் டிராய், சிராக்யூஸ். கிரேக்க, ரோமானியப் பெயர்களை வைத்துக்கொள்வதில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அப்படியொரு மோகம். இலியன் என்பதே டிராய் நகரத்தின் இன்னொரு பெயர். 1843-ல் தபாலாபீசுக்குப் பெயர் தேடியபோது ரெமிங்டன் என்றே வைத்துவிடலாம் என்றார்கள். துப்பாக்கிப் பட்டறைக்காரரான எலிஃபலெட் ரெமிங்டன் கூச்ச சுபாவக்காரர். வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அவர் 1816-ல் அப்பாவின் கொல்லுப்பட்டறையில் ஒரு துப்பாக்கிக் குழலைத் தானே அடித்து, யூட்டிகாவுக்குக் கொண்டுபோய் உள்ளே வரிகள் வெட்டி வாங்கிவந்தார், துப்பாக்கி சுடும் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றார், அதைப் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கொன்று, உனக்கொன்று என்று கேட்டார்கள் என்பது கம்பெனி காலங்காலமாகச் சொல்லிவந்த கதை. சரித்திர ஆசிரியர்களுக்கு இதில் சந்தேகம் உண்டு. சந்தேகமே இல்லாத விஷயம், 1828-ல் பட்டறை கால்வாய்க் கரைக்கு இறங்கி வந்தது. மூன்று வருடம் முன்பு திறந்திருந்த ஈரி கால்வாய் வழியாக இரும்பு வந்தது, துப்பாக்கி போனது.

உள்நாட்டுப் போரில் லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்கள் இங்கிருந்து வடக்குப் படைக்குப் போயின. போர் முடிந்து ஆர்டர் வற்றியதும் ரெமிங்டன் குடும்பம் தையல் மிஷின், விவசாயக் கருவிகள் என்று கை வைக்காத தொழில் இல்லை. 1873-ல் ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்த டைப்ரைட்டர் அதில் ஒன்று. உலகமெங்கும் விரல்களுக்குப் பழகிப்போன 'க்வெர்ட்டி' எழுத்து வரிசை வியாபாரத்துக்கு வந்தது இந்த ஊர் ஆலையிலிருந்துதான். 1886-ல் டைப்ரைட்டர் தொழில் வேறு கைக்குப் போனது. அதே வருடம் துப்பாக்கிக் கம்பெனி முதல் முறையாகத் திவாலானது. புது முதலாளிகள் வந்தார்கள், ஆலை நிற்கவில்லை.

சிவப்புச் செங்கல்லில் நாலு மாடி உயரத்துக்கு எழும்பிய கட்டடங்கள், வரிசை வரிசையாக ஜன்னல்கள், தெருவுக்கு மேலே ஒரு கட்டடத்தையும் இன்னொன்றையும் இணைக்கும் மூடிய பாலங்கள். ஊருக்குள் ஆலையா, ஆலைக்குள் ஊரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே வாசல் வழியாக வேலைக்குப் போன குடும்பங்கள் இங்கே உண்டு.

1933-லிருந்து 60 வருடம் கம்பெனி டூபான்ட் கையில் இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைதான் 1962-ல் வந்த மாடல் 700. அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் இந்த ரைஃபிள் பெற்ற பெயரைச் சம்பாதிக்க மற்ற கம்பெனிகள் ஏங்கின. கடையில் வாங்கி அப்படியே காட்டுக்கு எடுத்துப்போனாலும் குறி தப்பாது என்பார்கள். 1988-ல் அமெரிக்க ராணுவம் மறைந்திருந்து சுடும் வீரர்களுக்கு எம்-24 ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தபோது அதுவும் மாடல் 700-ன் வழிவந்ததே.

ஆனால் அதன் டிரிகருக்குள் ஒரு வில்லங்கம் இருந்தது. மைக் வாக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்த அமைப்பில், டிரிகரோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் 'கனெக்டர்' என்ற சின்ன இரும்புத் துண்டு உண்டு. இடையில் தூசியோ பிசுக்கோ அடைந்தால் அது முழுமையாகத் தன் இடத்துக்குத் திரும்பாது. அப்போது யாரும் டிரிகரைத் தொடாமலே குண்டு பாயலாம் என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். வாக்கரே 1940-களில் ஒரு மாற்றம் யோசனை சொன்னார். செலவு, துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். கம்பெனி அதைச் செய்யவில்லை. பிறகு வருடக் கணக்கில் புகார்கள், காயங்கள், சாவுகள், வழக்குகள். துப்பாக்கியில் குறையில்லை, வைத்திருப்பவர் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதே கம்பெனியின் நிரந்தரப் பதில். ஐந்தரை சென்ட்டை மிச்சம் பிடித்து வக்கீல்களுக்கு எவ்வளவு கொட்டினார்கள் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்.

2006-ல் எக்ஸ்-மார்க் ப்ரோ என்று புது டிரிகர் வந்தது. 2014 ஏப்ரலில் அதையும் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. பொருத்தும்போது பூசும் பசை சிலவற்றில் கூடிவிட்டது. அதனால் தானாக வெடிக்கலாம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், எங்களுக்கு அனுப்பிவையுங்கள் என்று அறிவிப்பு. எட்டு வருடம் செய்தது அத்தனையும் அந்தக் கணக்கில் வந்தது. பழைய டிரிகர் வழக்கில் ஏற்பட்ட சமரசத்தை நீதிமன்றம் 2017-ல் ஏற்றது. கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இலவசமாக டிரிகர் மாற்றித் தர இசைந்தது. மாற்ற முடியாத பழைய மாடல்களுக்கு 10 டாலர், 12.50 டாலர் கூப்பன். சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அப்போது மனுப் போட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 22 ஆயிரம் பேர்தான். சேதி பலருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று எதிர்த்தவர்கள் குறை சொன்னார்கள்.

இதற்குள் முதலாளி மாறியிருந்தார். 2007-ல் ரெமிங்டனை வாங்கியது செர்பெரஸ் என்ற நியூயார்க் முதலீட்டு நிறுவனம். கிரேக்கப் புராணத்தில் பாதாள லோகத்தைக் காவல் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. டிராயின் பெயர் கொண்ட ஊருக்கு இப்படியொரு எஜமானர் வாய்த்தது தற்செயல்தான். செர்பெரஸ் பல துப்பாக்கிக் கம்பெனிகளை வாங்கி ஒரே கூரைக்குள் அடைத்தது. அதில் ஒன்று மார்லின்.

கனெக்டிகட் மாநிலத்தில் 1870-ல் தொடங்கிய மார்லின், லீவர் ரைஃபிள்களுக்குப் பேர்போனது. 2011-ல் அந்த ஆலையை மூடி, மிஷின்களை லாரியில் ஏற்றி இலியனுக்குக் கொண்டுவந்தார்கள். மிஷின் வந்தது, அதை ஓட்டியவர்கள் வரவில்லை. பல மிஷின்கள் பழசு. எந்த மிஷின் எங்கே இழுக்கும், எந்த இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் பாகம் பொருந்தும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களின் விரல்களில் இருந்தது, வரைபடத்தில் இல்லை. இலியன்காரர்களும் தலைமுறைகளாகத் துப்பாக்கி செய்தவர்கள்தான். ஆனால் வேறு துப்பாக்கி.

விளைவு கடைகளில் தெரிந்தது. முன்குறி கோணலாக நின்றது. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி. லீவரைத் தள்ளினால் தோட்டா சிக்கியது. ரெமிங்டனையும் மார்லினையும் ஒட்டவைத்து வாடிக்கையாளர்கள் 'ரெம்லின்' என்று கிண்டல் பெயர் சூட்டினார்கள். பழைய மார்லின் குழலில் 'ஜேஎம்' என்று சின்ன முத்திரை இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதுபோல அதைத்தான் முதலில் தேட ஆரம்பித்தார்கள். புதுத் துப்பாக்கியைவிடப் பழசுக்கு மவுசு கூடியது. பிந்தைய வருடங்களில் இலியன் அந்த வேலையையும் கற்றுக்கொண்டது, தரம் தேறியது என்று சொன்னவர்களும் உண்டு. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கடன் ஒரு பக்கம் கழுத்தை நெரித்தது. 2014-ல் அலபாமா மாநிலம் சலுகைகள் தர, ஹன்ட்ஸ்வில்லில் பெரிய ஆலை திறந்தார்கள். சில வேலைகள் இலியனிலிருந்து அங்கே போயின. 2012-ல் சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலையில் பயன்பட்டது இந்தக் குழுமத்தின் புஷ்மாஸ்டர் துப்பாக்கி. அந்த வழக்கு தனியாக ஓடியது. 2018-ல் ஏறத்தாழ 95 கோடி டாலர் கடனோடு ரெமிங்டன் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. 2020-ல் மறுபடியும். இந்த முறை கம்பெனியைத் துண்டு போட்டு விற்றார்கள். மார்லினை ரூகர் வாங்கியது. அக்டோபரில் இலியனில் 585 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தப்படி வரவேண்டிய ஈட்டுத்தொகையும் விடுப்புச் சம்பளமும் தரவில்லை என்று தொழிற்சங்கம் வாசலில் நின்று போராடியது.

2021-ல் ரெம்ஆர்ம்ஸ் என்ற புது நிர்வாகம் கதவைத் திறந்து பழையவர்களில் ஒரு பகுதியைக் கூப்பிட்டது. ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. அதே வருடம் நவம்பரில், தலைமையகமும் புது ஆலையும் ஜார்ஜியா மாநிலம் லாக்ரேஞ்சில் அமையும், 10 கோடி டாலர் முதலீடு, 856 வேலைகள் என்று அறிவிப்பு வந்தது. 2023 நவம்பர் கடைசியில் தொழிற்சங்கத்துக்குக் கடிதம் வந்தது. 2024 மார்ச்சில் ஆலை மூடப்பட்டபோது மீதமிருந்தவர்கள் சுமார் 270 பேர்.

மார்லின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. ரூகர் அவசரப்படவில்லை. வட கரோலினாவில் மேயோடன் என்ற ஊரில் பாகங்களை ஒவ்வொன்றாக அளந்து, நவீன மிஷின்களுக்கு ஏற்பத் திரும்ப வரைந்து, ஒரு வருடம் கழித்து 2021 டிசம்பரில்தான் முதல் ரைஃபிளை வெளியே விட்டது. வாங்கியவர்கள் முதலில் குறி நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது.