அமைதியான எஞ்சினைத்தான் சந்தேகிக்க வேண்டும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் பழைய புல்லட்டுகளைப் பிரித்துக் கட்டும் பட்டறைகளில் வேலையைக் கவனித்ததில் எனக்கு ஒன்று உறுதியானது. மறுபடி கட்டிய எஞ்சினில் வால்வு தேய்வதைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது. டாப்பெட் இடைவெளி மாறிவரும் போக்கைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் உருவாக்கிய 350 சிசி புல்லட்டின் அமைப்பே இதற்குச் சாட்சி. வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கின்றன. அந்த இடைவெளிக்காகப் புஷ்ராடைச் சரிசெய்யும் நட்டு, சிலிண்டரின் வலப்பக்க மூடிக்குள் இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. வண்டிக்காரர் பயப்படுவது ‘டக் டக்’ சத்தத்துக்கு. ஆனால் வால்வு உட்காரும் சீட் தேயும்போது வால்வு உள்வாங்கி, அதன் தண்டு மேலேறி, இருந்த இடைவெளியும் அடைபட்டுச் சத்தம் குறைந்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கைச் சீட்டில் உட்காரும் கணத்தில்தான் இறக்கிவைக்கிறது. முழுதாக உட்கார முடியாத வால்வின் விளிம்பு கருகும். சத்தமே இல்லை என்று உரிமையாளர் மகிழும் நாட்களில்தான் இந்தக் கேடு வளர்கிறது.

புதிதாகச் சீட் வெட்டி, பேஸ்ட் போட்டுத் தேய்த்த எஞ்சினில் தொடக்கத்தில் இடைவெளி குறைவது இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான், ஆனால் படிந்து முடிந்ததும் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் புஷ்ராடு இறுகினால் அது தேய்மானம். ஈயம் கலந்த பெட்ரோல் சீட்டுக்கு ஒரு காப்பாக இருந்தது; 2000இல் நாடெங்கும் அது நிறுத்தப்பட்டது. பழைய மென்மையான சீட் இருந்தால் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மெதுவாக ஓட்டும் வண்டியில் இந்தப் பாதிப்பு குறைவு என்பது உண்மை. அதனால்தான் பெட்ரோல் மேல் பழிபோட்டு நிறுத்திக்கொள்ளாமல் வால்வின் தண்டு ஓடும் கைடையும் அளக்க வேண்டும் என்கிறேன். கைடு ஆடினால் புது வால்வும் சாய்ந்தே உட்காரும்.

“ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், இத்தனை சோதனை எதற்கு?” என்பது வலுவான மறுப்பு. கழற்றியபின் வால்வின் முகம் தெரியும். கம்ப்ரஷன் எந்த வழியாகப் போனது என்பது தெரியாது. கம்ப்ரஷனை ஒருமுறை அளந்து, பிளக் துளைவழி கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் கூடினால் ரிங் பக்கம் பார்க்கலாம். கூடாவிட்டால் வால்வையும் டீகம்ப்ரஷரையும் சந்தேகிக்கலாம். இரண்டு வால்வும் மூடிய நிலையில் அதே துளைவழி காற்றை ஏற்றும்போது கார்புரேட்டரில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் பக்கம். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திரும்ப முறுக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால் கைடைப் பார்க்க வேண்டும். இந்தச் சான்றுகள் எல்லாம் ஹெட் இருக்கும் இடத்தில் இருக்கும்வரைதான் கிடைக்கும்.

அனுபவமுள்ள கைக்கு இதையெல்லாம் எழுதிவைக்கும் நோட்டு எதற்கு என்பவர்களுக்கும் என் பதில் இதுதான்: அந்தக் கையை நான் முழுதாக மதிக்கிறேன், ஆனால் எஞ்சினைப் பிரிப்பவர் ஒருவர், சீட்டை வெட்டுபவர் லேத்தில் இன்னொருவர் என்று வேலை பிரியும்போது ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிய எழுத்து வேண்டும். எந்தக் கிலோமீட்டரில் எந்த நட்டு எவ்வளவு திருப்பப்பட்டது, கைடு எவ்வளவு ஆடியது என்ற இரண்டு வரி வண்டியோடு போனால் அடுத்த கோளாறின் காரணம் ஊகமாக இருக்காது. மெக்கானிக்கின் மேல் வீண்பழியும் விழாது. அவர் கூலியில் இந்தச் சோதனைக்கும் ஒரு பங்கு இருப்பதே நியாயம்.