எங்கள் கை அக்காரவடிசில்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பாட்டி பாலையும் நெய்யையும் விட்டுவிடுவாள். திருப்பாவையில் நோன்பு நோற்ற பெண்கள் அப்படித்தான் இருந்தார்களாம். இருபத்தாறு நாள் விரதம். 27-ஆம் நாள் கூடாரவல்லி. ஆங்கிலத் தேதிக்கு அது ஜனவரி 11-ஐ ஒட்டி வரும். அன்று அக்காரவடிசில் தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிய பிறகுதான் பாலும் நெய்யும் மறுபடி அவள் நாவில் படும். தளிகை என்றால் சமையல். திருவரங்கத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு அது. வகுப்பில் வாய் தவறிச் சொல்லிவிட்டால் தோழியர் சிரிப்பார்கள்.

இந்த முறை கார்த்திகையிலேயே பாட்டிக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. நாக்கும் சற்றுக் குழறியது. உடம்பு தேற இரண்டு வேளையும் பால் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். பத்து நாள் குடித்தாள். மார்கழி முதல் நாள் காலையில் தம்ளரை இடக்கையால் நகர்த்தி வைத்துவிட்டாள். அப்பா கெஞ்சினார், பிறகு கோபித்துக்கொண்டார்.

"இருபத்தாறு நாள்தானேடா" என்றாள் பாட்டி.

கஞ்சியும் ரசம் சாதமுமாக நாட்கள் போயின. பாட்டி புடவைக்குள் இளைத்துக்கொண்டே வந்தாள். பள்ளியில் எங்கள் முகத்தைப் பார்த்து விசாரித்த சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, அறியாமை என்றும் சொல்லவில்லை. தம் தாயார் தவக்காலம் நாற்பது நாளும் காப்பியைத் தொடமாட்டார் என்றும், அந்த நாட்களில் வீட்டில் எல்லாருக்கும் பயமாக இருக்கும் என்றும் சொன்னார். "என்றைக்கு முடிகிறது?" என்று கேட்டுத் தம் குறிப்பேட்டில் தேதியைக் குறித்துக்கொண்டார்.

ஒவ்வோர் ஆண்டும் அக்காரவடிசில் பாட்டியின் கை வேலை. அவளால் முடியாதபோது அம்மா இருக்க வேண்டும். அம்மாவோ சித்தியின் பிரசவத்துக்காக மதுரை போயிருந்தாள். மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர்: பத்தாம் வகுப்பு அக்காளும் ஏழாம் வகுப்புத் தங்கையும். அதுவரை நாங்கள் செய்த பெரிய சமையல் உப்புமா.

முதல் நாள் இரவு பாட்டி எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய கதையைக் குழறிக் குழறிச் சொன்னாள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் பாடினாள். பல காலம் கழித்து இராமானுசர் அதைப் படைத்து முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாராம். ஆண்டாள் அவரை "அண்ணா" என்று அழைத்தாளாம். நூறு தடா கிளற எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும் என்பதுதான் அன்று எங்கள் கவலை.

விடியற்காலை நான்கு மணிக்குக் குளித்து, ஈரத்தலையோடு அடுக்களைக்குள் போனோம். பாட்டி கூடத்து நாற்காலியில் இருந்தபடி அளவு சொன்னாள். பச்சரிசி ஓர் ஆழாக்கு, பயத்தம்பருப்பு ஒரு கைப்பிடி, பால் ஒன்றரை லிட்டர், வெல்லம் இரண்டு ஆழாக்கு. அரிசியையும் பருப்பையும் சிறிது நெய்யில் வறுத்து, வெண்கலப் பானையில் பாலிலேயே குழைய வேகவிட வேண்டும். கரண்டி ஓயக்கூடாது. ஓய்ந்தால் அடி பிடித்துவிடும். கை மாற்றிக் கை மாற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளறினோம்.

இதில் பெரிய கஷ்டம், ருசி பார்க்கக் கூடாது என்பது. பெருமாளுக்கு முன்னால் நம் நாக்கு முந்தக் கூடாது. முகர்ந்து பார்ப்பதும் கூடாதாம். வாசனை தானாக வந்து மூக்கில் ஏறினால் மட்டும் குற்றமில்லை என்பாள் பாட்டி!

வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்க வைத்திருந்தோம். பானையை இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் பாகை விட வேண்டும். கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் திரிந்துவிடும். இதையும் பாட்டி சொல்லியிருந்தாள். ஆனால் எங்களில் ஒருத்தி அவசரப்பட்டு, பானை அடுப்பில் இருக்கும்போதே ஒரு கரண்டிப் பாகை ஊற்றிவிட்டாள். அது யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஓரத்தில் பொடிப்பொடியாகப் பூத்தது. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டில் வேறு பால் இல்லை. இது கெட்டுப்போனால் பாட்டி இன்னும் ஒரு நாள் தள்ளிப் போடுவாளோ என்று நினைத்தபோது தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியதும் உண்மைதான்.

"என்னடி, கரண்டிச் சத்தத்தைக் காணோம்?" என்றது கூடத்துக் குரல்.

போய்ச் சொன்னோம். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "திரட்டுப்பால் மட்டும் என்ன, திரித்திரியாத்தானே வரது? பானையை இறக்கி வையுங்கோ. விரல் பொறுக்கற சூடு வரட்டும். அப்புறம் மீதிப் பாகை விட்டு, நெய்யை விட்டு நன்னாக் கிளறுங்கோ" என்றாள்.

அப்படியே செய்தோம். நெய் விட விட, பொடி கண்ணுக்குத் தெரியாமல் கலந்துகொண்டது. முந்திரி, திராட்சை, கடுகளவு பச்சைக் கர்ப்பூரம். நெய் முழங்கை வரை வழிய வேண்டும் என்பது பாட்டுக் கணக்கு. எங்களுக்கு மணிக்கட்டு வரை வழிந்தது.

அப்பா திரை போட்டுக் கண்டருளப் பண்ணினார். 27-ஆம் பாட்டைப் பாட்டியும் கூடவே சொன்னாள். நடுவில் ஒரு சொல் அவள் நாக்கில் சிக்கிக்கொண்டது. அப்பா மேலே போகாமல் நின்றார். அவள் அந்தச் சொல்லைப் பிடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்.

முதல் கவளத்தை அக்காள்தான் ஊட்டினாள். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏலக்காய் எங்கேடி?"

அது அடுக்களையில், பொடித்த கல்லுரலிலேயே கிடந்தது.

"போறது. இன்னும் ஒரு கரண்டி போடு" என்றாள் பாட்டி.

பள்ளி வாசலில் எங்களைக் கண்டதும் சிஸ்டர், "சாப்பிட்டார்களா?" என்று கேட்டார். இரண்டு கரண்டி என்றோம். அன்று இரவு தங்கை கொண்டுபோன பால் தம்ளரைப் பாட்டி இடக்கையால் வாங்கி, மீதி வைக்காமல் குடித்தாள். சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொன்னாள்.