குப்புறப் படுங்கப்பா

2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சம். அன்று கொரோனா வார்டில் வேலை பார்த்த பலருக்கும் அதைப் பற்றிப் பேச வாய் வருவதில்லை. எனக்கும்தான்.

பிபிஇ உடை மாட்டினால் டியூட்டி முடியும்வரை தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. மாதவிடாய் நாளிலும் அப்படித்தான். கண்ணாடியில் ஆவி படிந்து நரம்பு தெரியாது. இரண்டு கையுறைக்கு மேலாகத் தடவிப் பார்த்துத்தான் ஊசி ஏற்றுவோம்.

அதெல்லாம் கூடப் பரவாயில்லை. உறவினர் யாரும் உள்ளே வர முடியாது என்பதால் கஞ்சி ஊட்டுவது, தலை வாரிவிடுவது எல்லாம் நாங்கள்தான். "குப்புறப் படுங்கப்பா" என்று ஒவ்வொரு கட்டிலாகக் கெஞ்சுவோம். அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பகுதி விரியும், ஆக்சிஜன் அளவு கூடும். விரலில் மாட்டிய கருவியில் அது 86-லிருந்து 93-க்கு ஏறினால் வார்டே எங்களுடையது மாதிரி இருக்கும்.

ஓர் அம்மா வீடியோ காலில் மகளிடம் பேசியது பருப்பு டப்பாவில் வைத்த சீட்டுப் பணத்தைப் பற்றி. போனைப் பிடித்திருந்தது நான். மறுநாள் வென்டிலேட்டர் வைத்தோம். அவர் பிழைக்கவில்லை.

2020-ல் எங்களைப் பாராட்டி மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை இல்லை என்றானது. அந்த அம்மாவை என்னோடு சேர்ந்து புரட்டிப் படுக்க வைத்தவளும் அவர்களில் ஒருத்தி. போராட்டப் பந்தலிலிருந்து போன் செய்து அழுதாள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.