சடையும் நீரும்

தில்லிக்கு மாற்றலாகி வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. முனிர்க்காவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிக்கு, மூன்றாண்டுகளுக்கு முன் நைஜீரிய நாட்டு மாணவி ஒருத்தி குடிவந்தாள். தோளுக்குக் கீழே தொங்கிய அவளது கூந்தல், சுண்டுவிரல் பருமனில் ஐம்பது அறுபது சடைகளாகத் திரண்டிருந்தது. அது நம் பெண்கள் பின்னும் சடை அன்று. முடி தனக்குள்ளேயே முறுக்கேறிக் கயிறுபோல் இறுகிய சடை. 'லாக்ஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். ஜமாய்க்காவில் 1930களில் தோன்றிய ராஸ்தஃபாரி நெறியினரும், பின்னாளில் பாடகர் பாப் மார்லியும் அதனை உலகறியச் செய்தவர்கள்.

"அந்தப் பொண்ணு தலையில தண்ணியே பட்டதில்லையோ?" என்று என் தாயார் கேட்டார். நானும் அவ்வாறே எண்ணினேன். சீவ இயலாத முடியை எவ்வாறு கழுவ இயலும் என்பது எங்கள் வாதம்.

அந்த வாதத்தின் அடியில் ஒரு பழைய நினைவு கிடந்தது. மாயவரத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் என் பெரிய அத்தை நோயுற்றுப் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது தலைமுடி முழுவதும் சிக்குண்டு, ஒரே பாளமாகச் சடை விழுந்திருந்தது. 'அம்மன் இறங்கிவிட்டாள், கத்தரி படக்கூடாது' என்றது ஊர். வெள்ளிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கினார்கள். ஆனால், அதைக் கழுவுவாரில்லை. தீட்டோ தெய்வக் குற்றமோ நேருமென்று அனைவருக்கும் அச்சம். பத்து வயதுச் சிறுவனாகிய என்னை அத்தை முறுக்குக் கொடுக்க அழைப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கி ஓடிவிடுவேன். அவர் அதைக் கவனித்திருப்பார் என்பது இப்போது புரிகிறது.

சென்ற கோடையில் ஒரு ஞாயிறன்று மாடித் தொட்டி நண்பகலுக்குள் வற்றிவிட்டது. "மேல் வீட்டுப் பெண் தலை குளித்தே தீர்த்துவிடுகிறாள்; நீங்கள் சொல்லுங்கள்" என்றார் வீட்டுக்காரர். ஒரு பெண்ணிடம் தனியே சென்று பேசத் தயங்கித் தாயாரையும் அழைத்துக்கொண்டு மாடியேறினேன்.

அவள் மொட்டை மாடியில், முன்பே பிடித்து வைத்த இரண்டு வாளி நீருடன் அமர்ந்திருந்தாள். "வாங்க அங்கிள்" என்று இந்தியில் வரவேற்றுவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாங்கள் வந்த காரியத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் தலை முழுவதையும் நனைத்தாள். நீரில் கரைத்த ஷாம்புவை நகம் படாமல் விரல் நுனிகளால் உச்சந்தலையில் தேய்த்தாள். சடைகளைத் தேய்த்துக் கலைக்காமல், நுரையை அவற்றின் வழியே பிழிந்து இறக்கினாள். நீர் தெளிவாக வடியும் வரை அலசினாள். பத்து நாட்களுக்கு ஒருமுறை இவ்வாறு செய்வாளாம். மெழுகும் கெட்டியான எண்ணெய்ப் பசையும் சடைக்குள் தங்கி அழுக்கைச் சேர்க்கும் என்பதால் அவற்றைத் தொடுவதில்லை. வேரருகே அடுத்தடுத்த சடைகள் ஒட்டிக்கொள்ளாதபடி விரலால் பிரித்துவிட்டாள். புதிதாக வளர்ந்த முடியைச் சிறிது கற்றாழைச் சாறு தொட்டுத் திரித்தாள். "இறுக்கித் திரித்தால் நெற்றியோர முடி உதிர்ந்துவிடும்" என்றாள்.

அனைத்திலும் முதன்மையானது உலர்த்துவதுதானாம். துண்டால் ஒவ்வொரு சடையாகப் பிழிந்துவிட்டு வெயிலில் அமர்ந்தாள். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும். ஆகவே ஈரத்தோடு கட்டுவதுமில்லை, உறங்குவதுமில்லை. சிவபெருமான் சடையில் கங்கை தங்கலாம். மானிடர் சடையில் ஒரு துளியும் தங்கலாகாது போலும்!

தாயார் மெல்ல ஒரு சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. படியிறங்கும்போது பாதியில் நின்றுவிட்டார்.

"உங்க பெரிய அத்தைக்கு ஒருநாள் இப்படிச் செஞ்சிருக்கலாமேடா. நானாவது செஞ்சிருக்கலாம். பயந்துட்டேன்."

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அத்தையின் சடையை ஊர் வணங்கியது. இந்தப் பெண்ணின் சடையை நாங்கள் இகழ்ந்தோம். அந்தத் தலைக்கு உரியவளிடம் சென்று, உனக்கு என்ன வேண்டும் என்று இருமுறையும் எவரும் கேட்கவில்லை. தானே விரும்பிச் சடை வளர்ப்பது வேறு. நோயிலும் கவனிப்பின்மையிலும் சிக்குண்டதைத் தெய்வத்தின் பெயரால் சுமக்க வைப்பது வேறு. மகாராட்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புத் தொண்டர்கள், அத்தகைய சடையுள்ள பெண்களிடம் பொறுமையாகப் பேசி, இசைவு பெற்று, அதை நீக்கி வருகிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ, லாக்ஸ் போன்ற முடியமைப்பைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் வேற்றுமை பாராட்டலாகாது என்று 2019-இல் சட்டம் இயற்றினார்கள். ஒன்று வெட்டுவது, மற்றொன்று காப்பது. இரண்டும் அந்தத் தலைக்கு உரியவரின் விருப்பத்தை மதிப்பவையே.

தொட்டி வற்றியதற்குக் காரணம், பின்கட்டில் விரிசல் கண்டிருந்த குழாய் என்று மறுநாள் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவளிடம் எதற்காக மாடியேறினோம் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

பருத்தித் தலையணையின் பஞ்சு சடையில் ஒட்டுமென்பதால் இரவில் வழவழப்பான துணியைத் தலையில் கட்டிக்கொள்வாள் என்பதைத் தாயார் கேட்டு வைத்திருந்தார். தீபாவளிக்கு முன் ஒருநாள், தம் பழைய பட்டுச் சேலையொன்றைக் கிழித்து, ஓரம் தைத்து, மாடிக்குக் கொடுத்தனுப்பினார். அந்தச் சேலை, என் பெரிய அத்தை தாயாருக்கு வளைகாப்பில் எடுத்துத் தந்தது.