ஒன்பதாவது வளைவில் தண்ணீர்ப் பஞ்சம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற பாதையில், ஆழியாறைத் தாண்டினதும் ஆரம்பிக்கின்றன 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு. என் மூணு வயசு மகள் ஏழு வரைக்கும் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள். எட்டை எண்ணவில்லை. எண்ணுவதற்கு எதிரே எதுவுமே தெரியவில்லை!

முதல்நாள் பெய்த மழையில் ரோட்டோரம் செம்மண் குழம்பு. மேலிருந்து இறங்கி வந்த லாரி அதில் ஒரு சக்கரத்தை விட்டு, மொத்தத்தையும் எங்கள் கண்ணாடியில் அப்பிவிட்டுப் போய்விட்டது. பதறிப்போய் வைப்பரைப் போட்டேன். அதுதான் தப்பு. பாதிக் கண்ணாடியில் இருந்த சேற்றை, தோசைக்கல்லில் மாவு தேய்க்கிற மாதிரி முழுக்கண்ணாடிக்கும் பரப்பிக் கொடுத்தது அது. தண்ணீர் பீய்ச்சும் பொத்தானை அழுத்தினேன். 'ர்ர்ர்' என்று சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை.

ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ரொம்ப ரொம்பக் கீழே ஆழியாறு அணை. பின்னால் ஹாரன். பின்ஸீட்டில் மனைவி, மடியில் குழந்தை. சில விநாடிதான். ஆனால் அந்தச் சில விநாடி நான் கார் ஓட்டவில்லை ஸார், கார் தானாகப் போனது.

பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். பக்கத்து ஸீட்டில் இருந்த அப்பா ஒன்றும் பேசாமல் ஜன்னல் வழியே கையை நீட்டி, எவர்சில்வர் கூஜாவிலிருந்த குடிதண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினார். ஒரு சாண் அகலத்துக்கு உலகம் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்பதாவது வளைவு வரை ஊர்ந்தேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த பம்ப்பை முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மாற்றினேன். நானே! மெக்கானிக்குக் கூலி எதற்கு என்கிற பி.காம். புத்தி. புது பம்ப்பின் பிளக் பழைய வண்டியின் பிளக்கோடு பொருந்தவில்லை. வெட்டினேன், ஒயரை முறுக்கினேன், டேப் சுற்றினேன். பொத்தானை அழுத்தினால் சத்தம் வந்தது. "சரி பண்ணிட்டேன்" என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவில்லை.

ஒன்பதாவது வளைவுதான் லோம்ஸ் வியூ. அணை முழுசாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடுகளும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு ஒன்று பாறைமேல் நின்று, நான் பானெட்டைத் திறப்பதை அலட்சியமாகப் பார்த்தது.

"ஏனுங் தம்பி, என்னாச்சுங்?"

டூரிஸ்ட் வேன் டிரைவர். ஐம்பது வயசிருக்கும். சொன்னேன். சிரிக்கவில்லை மனுஷர்.

"மோட்டார் சுத்துதல்லொ? அப்ப பீஸ் போகலீங். தொட்டியில தண்ணி இருக்குதுங்களா?"

இருந்தது. பானெட் அடியில் ஓடும் ரப்பர் குழாயை நடுவில் கழற்றினார். "இப்ப அமுத்துங்." அழுத்தினேன். மூக்கு ஒழுகுகிற மாதிரி இரண்டு சொட்டு. "இங்கியே நல்லா வந்திருந்தா மேல ஓட்டைல அடைப்புன்னு அர்த்தமுங். வரலியே... கோளாறு கீழ தான்." குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனார். பம்ப்பில் என் டேப் வேலைப்பாட்டைப் பார்த்ததும் நின்றார்.

"இது யாருங் சுத்துனது?"

ஹி... ஹி...

டேப்பை உரித்து, இரண்டு ஒயரையும் இடம் மாற்றி முறுக்கினார். பொத்தானை அழுத்தினேன். குழாயிலிருந்து தண்ணீர் சீறி அவர் சட்டையை நனைத்தது!

விஷயம் இதுதான். பிளஸ், மைனஸ் மாறினால் இந்த மோட்டார் நின்றுபோகாது, தலைகீழாகச் சுற்றும். சத்தம் அதேதான், தண்ணீரைத் தள்ளுகிற தெம்பு மட்டும் இருக்காது. பின்கண்ணாடிக்கும் தண்ணீர் அடிக்கிற சில கார்களில் இதையே வேண்டுமென்று செய்கிறார்களாம்: ஒரே பம்ப், இப்படிச் சுற்றினால் முன்னால், அப்படிச் சுற்றினால் பின்னால். நான் செய்தது எங்கள் பாஷையில், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிய கதை. பி.காம். பட்டதாரி!

குழாயை மாட்டியும் வலதுபக்க ஓட்டை மௌனவிரதம். எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு அடைத்திருந்தது. மனைவியின் ஊக்கு கைகொடுத்தது. குத்தியபோது ஓட்டை கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பிவிட்டது போலும். அடுத்த பீய்ச்சல் கூரையைத் தாண்டிப் போய், செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த புதுமாப்பிள்ளை தலையில் விழுந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு வழி?

"உப்புத்தண்ணி ஊத்தாதீங். தண்ணி இல்லாம மோட்டாரை ஓட்டாதீங், கருகிப்போயிரும்." டிரைவர் காசு வாங்கவில்லை. ஈரச் சட்டையோடு வேனில் ஏறினார்.

அட்டகட்டி தாண்டியதும் தேயிலைத் தோட்டங்கள், பனி. ஒரு திருப்பத்தில் இன்னொரு லாரி, அதே செம்மண். பொத்தானை அழுத்தினேன். இரண்டு கோடாகத் தண்ணீர் வந்து, வைப்பர் ஒரு தடவை போய்த் திரும்ப, ரோடு பளிச்சென்று தெரிந்தது. அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"கூஜால ஒரு சொட்டு இல்ல. டீக்கடை வந்தா நிறுத்து" என்றார்.