வெள்ளை மாளிகையில் ஒரு பூனை, ஒரு நாய்க்குட்டி

இரண்டு பேர் எந்நேரமும் முறைத்துக் கொண்டே இருந்தால் 'நாயும் பூனையும் மாதிரி' என்று சொல்வது வழக்கம். ஆனால் நாயும் பூனையும் ஒரே சாக்கில் சுருண்டு படுத்துத் தூங்குகிற வீடுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் சில வீடுகளில் மட்டும் ஏன் கடைசி வரை ஒத்து வருவதில்லை? இதற்கு உலகமே வேடிக்கை பார்த்த ஒரு உதாரணம் இருக்கிறது. நடந்த இடம் சாதாரண வீடு அல்ல. அமெரிக்க ஜனாதிபதி வசிக்கும் வெள்ளை மாளிகை!

பூனையின் பெயர் சாக்ஸ். ஆமாம், காலில் மாட்டுகிற அதே சாக்ஸ்தான். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பாதங்கள், அதனால் அந்தப் பெயர். பில் கிளின்டன் ஆர்கன்சா மாநில ஆளுநராக இருந்தபோது, 1991ல், அவருடைய மகள் செல்சியா பியானோ வகுப்பு முடிந்து வெளியே வந்தாள். அங்கே திரிந்து கொண்டிருந்த இந்தத் தெருப்பூனை அவள் கைகளில் தாவி ஏறியது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அது அவள் பூனை. 1992 தேர்தலில் அப்பா ஜெயித்ததும் பூனையும் பிரபலமாகி விட்டது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தரையில் குப்புறப் படுத்து அதைப் படம் பிடித்தார்கள். 1993ல் குடும்பத்தோடு அதுவும் வெள்ளை மாளிகைக்குக் குடிபோனது.

நான்கு வருடங்களுக்கு மேல் அந்த மாளிகையில் சாக்ஸ் வைத்ததுதான் சட்டம். பிறகு 1997 வந்தது. அந்த வருடம் செல்சியா படிப்பதற்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். பூனைக்கு மிகவும் வேண்டியவள் வீட்டை விட்டுப் போனாள். அடுத்த சில மாதங்களில், டிசம்பரில், ஒரு நாய்க்குட்டி வந்து இறங்கியது. மூன்று, நான்கு மாத வயதுள்ள பழுப்பு நிற லேப்ரடார். பெயர் பட்டி. கேரளத்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம், மலையாளத்தில் பட்டி என்றால் நாய்தான்! அந்த வருடம் இறந்துபோன, தாத்தா முறையுள்ள ஒரு உறவினரின் செல்லப் பெயரைத்தான் கிளின்டன் அதற்கு வைத்தார்.

இருவரையும் அறிமுகம் செய்த விதத்தைக் கவனியுங்கள். மாளிகையின் புல்வெளி, திறந்தவெளி, சுற்றிலும் ஆட்கள், கேமராக்கள். நாய்க்குட்டி 'விளையாட வா' என்று பாய்ந்தது. பூனை முதுகை வில்லாக வளைத்துச் சீறியது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அன்றைக்கு ஆரம்பித்த பகை கடைசி வரை தீரவே இல்லை.

இதில் யார் மேல் தப்பு? உண்மையில் இரண்டின் மேலும் இல்லை. இரண்டும் பேசுகிற பாஷை வேறு. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலை விசிறி விசிறி அடித்தால் எரிச்சல். நாய் மல்லாந்து படுத்தால் பெரும்பாலும் 'உனக்குப் பணிந்தேன்' என்று பொருள். சண்டைக்கு நடுவில் பூனை மல்லாந்து படுத்தால் நான்கு காலிலும் நகம் தயாராக இருக்கிறது என்று பொருள். நாய்க்குட்டி முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி விளையாட அழைக்கும். பூனைக்கோ அது பாயப் போகிற மிருகம்.

இந்தப் பாஷையைக் கற்க ஒரு வயது இருக்கிறது. நாய்க்குட்டிகள் பிற உயிர்களோடு எளிதாகப் பழகும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965ல் வெளியிட்ட நூலில் எழுதினார்கள். பூனைக்குட்டிகளுக்கு இந்தப் பருவம் இன்னும் சீக்கிரம், சுமார் 2 முதல் 7 வாரத்துக்குள் முடிந்து விடுகிறது. டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைப் பற்றியது. பெரும்பாலான வீடுகளில் அவை நட்பாகவே இருந்தன. சிறு வயதிலேயே சேர்ந்தவை ஒன்றின் உடல்மொழியை மற்றது புரிந்து கொண்டன. நாய்க்கு முன்பே பூனை வீட்டுக்கு வந்திருந்தால் இன்னும் நல்லது என்றும் தெரிந்தது.

சாக்ஸ் முதலில் வந்ததுதான். ஆனால் பட்டி வந்தபோது அது வளர்ந்து முதிர்ந்த பூனை. அந்த வயதில் புதுப் பாஷை படிக்க முடியாது என்றில்லை. மெதுவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி? முதலில் இரண்டையும் தனித்தனி அறையில் வைக்க வேண்டும். நாய்க்குட்டி படுத்த துணியைப் பூனைக்கும், பூனை படுத்த துணியை நாய்க்குட்டிக்கும் முகரக் கொடுக்க வேண்டும். முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாசனை பழக வேண்டும். பிறகு மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்கும் அந்தப் பக்கம் ஒன்றுக்கும் சோறு. அதற்கும் பிறகுதான் நேருக்கு நேர், அதுவும் நாய்க்குட்டியின் கழுத்தில் கயிறு இருக்க. பூனை ஏறி உட்கார அலமாரி மாதிரி உயரமான இடம் ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் சாப்பாடும் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஓடி ஒளிய வழி இருக்கிறது என்று தெரிந்த பூனை சண்டைக்கு நிற்காது. இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. சில வாரங்கள், சில வீடுகளில் மாதங்களே ஆகும். ஒரு நாள் பூனை தானாகவே இறங்கி வந்து மூக்கோடு மூக்கை வைத்து முகர்ந்தால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வெள்ளை மாளிகையில் அந்த நாள் வரவில்லை. இரண்டையும் பிரித்துப் பிரித்தே வைத்திருந்தார்கள். இஸ்ரேலியரையும் பாலஸ்தீனியரையும் பேச வைத்ததில் கண்ட வெற்றி கூட இந்த இரண்டிடமும் கிடைக்கவில்லை என்று கிளின்டனே நொந்து கொண்டார். 2001 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. புது வீட்டுக்கு நாய் போனது. சாக்ஸ் போகவில்லை. கிளின்டனின் செயலாளராக இருந்த பெட்டி கர்ரியிடம் அதைக் கொடுத்து விட்டார்கள்.

அடுத்த வருடமே, 2002 ஜனவரி 2ல், நியூயார்க் மாநிலத்தில் வீட்டுக்கு அருகே கார் மோதி பட்டி இறந்தது. வயது நான்குதான். சாக்ஸ் கர்ரியின் வீட்டில் நன்றாகவே வாழ்ந்தது. புற்றுநோய் வந்து 2009 பிப்ரவரியில் கண் மூடியது.

கர்ரி அதை அன்பாகத்தான் வளர்த்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை அல்லவா? முதலில் வந்தது பூனை. தானாக விரும்பித் தாவி ஏறி வந்தது. கடைசியில் இடத்தைக் காலி செய்ததும் அதுதான்.

கொழுகொழு நாய்க்குட்டி ஒன்றைப் பார்த்ததும் தூக்கிக் கொண்டு வரத் தோன்றுவது சகஜம். தூக்கி வாருங்கள், தப்பில்லை. ஆனால் வீட்டில் ஏற்கனவே ஒரு பழைய பூனை இருந்தால், புதுசுக்குப் பால் ஊற்றுவதற்கு முன் பழசின் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அதற்குத்தான் அன்றைக்கு உங்கள் துணை அதிகம் தேவைப்படும்.