கான்டர்பரி என்னும் கப்பல்

போர்க்கப்பல் என்றவுடன் பீரங்கியும் வெடிமருந்துமே பலர் மனக்கண்முன் தோன்றும். நியூசிலாந்துக் கடற்படையின் ‘கான்டர்பரி’ அவ்வகையைச் சேர்ந்ததன்று. 131 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல், 250 வீரர்களையும் அவர்தம் ஊர்திகளையும் சுமந்து செல்வதற்கென்றே கட்டப்பெற்றது. துறைமுகம் இல்லாத கரையிலும் ஆளையும் பொருளையும் இறக்க வேண்டுமன்றோ? அதன்பொருட்டு இரண்டு பெரிய இறங்குபடகுகளும், ஹெலிகாப்டர்த் தளமும் இதில் உண்டு. சிறு மருத்துவமனையும் உண்டு.

2007ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இக்கப்பல் கடற்படையிற் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஒரு துயரம் நேர்ந்தது. பயிற்சியின்போது கப்பலின் பக்கவாட்டிலிருந்த சிறு படகு கவிழ்ந்து, மாலுமி ஒருவர் உயிர் நீத்தார். படகை இறக்குவதும் ஏற்றுவதும் பார்ப்பவர்க்கு எளிய வேலை; அலையெழும் கடலிலோ அஃது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆயினும் அப்பயிற்சியைக் கைவிடுதல் இயலாது.

2011 பிப்ரவரி 22ஆம் நாள் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கி 185 பேரைப் பலிகொண்டது. அன்று கான்டர்பரி, அந்நகரை அடுத்த லிட்டில்டன் துறையில் நின்றுகொண்டிருந்தது. வீடிழந்து நின்ற துறைமுக மக்களுக்கு மாலுமிகளே உணவு சமைத்து அளித்தனர். போர்ப்பயிற்சி நூல்களில் அடுப்பங்கரைக்கு எத்துணை இடம் உண்டோ! அன்று பெரிதும் பயன்பட்டது அதுவே.

2016 நவம்பர் 14ஆம் நாள், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், 7.8 அளவுள்ள நிலநடுக்கம் கைக்கூரா என்னும் கடற்கரை ஊரை உலுக்கியது. மலைகள் சரிந்து சாலையையும் இருப்புப்பாதையையும் மூடின. ஊராரும், திமிங்கிலங்களைக் காண வந்திருந்த பயணிகளும் வெளியேற வழியின்றித் தவித்தனர். கடல்வழி ஒன்றே எஞ்சியது. அதிலும் ஒரு சிக்கல்: கடலடித் தரையே மேலெழுந்து, முன்னாளில் நீர் மூடியிருந்த பாறைகள் வெளியே தலைகாட்டின. பழைய கடல்வரைபடத்தை நம்பிக் கரையை நெருங்குதல் ஆகாது.

கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவிற்கென வந்திருந்த அமெரிக்க, ஆஸ்திரேலிய, கனடாக் கப்பல்களும் விழாவை விடுத்து உதவிக்கு விரைந்தன. கான்டர்பரி ஆழ்கடலிலேயே நின்றது. அதன் படகுகள் கரைக்கும் கப்பலுக்குமாகச் சென்று மீண்டன. முதியோரும் குழந்தைகளும் கைப்பையுடன் ஏறினர். ஏறத்தாழ 450 பேரைச் சுமந்து அக்கப்பல் இரவெல்லாம் தெற்கே ஓடி, ஐந்தாண்டுகட்கு முன் உணவளித்த அதே லிட்டில்டன் துறையில் அவர்களை இறக்கியது. பின்னர்ப் பொருள்களுடன் மீண்டும் கைக்கூராவுக்குத் திரும்பியது.